ரெஜினாவின் வியாழக்கிழமை

கண்ணு,

ரெஜினா கல்யாணத்தை நிறுத்தச் சொல்லவில்லை. இதை அவளே இன்று, புதன்கிழமை காலை, தொலைபேசியில் என்னிடம் சொன்னாள். அவளுடைய அப்பா சொல்லி வந்த செய்தியல்ல இது. உன் ஸ்டீபன் மாமா கேள்விப்பட்டதும் அல்ல. ஆனால் கல்யாணம் நடக்கும் என்றும் அவள் சொல்லவில்லை. “ஞாயித்துக்கெழம கோயில்ல ஓலை வாசிக்கறதுக்கு முன்னால அவரோட ஒருவாட்டி நேராப் பேசோணுங் அத்தை. பேசாம வாசிச்சா, எங்க பேர அவிய வாசிக்கறப்ப எனக்கே நம்பிக்கை இருக்காதுங்” என்றாள். இந்த நிமிடம் வரை உறுதியான செய்தி இவ்வளவுதான். மூன்று ஞாயிறு பூசையில் உங்கள் இருவர் பெயரையும் சொல்லி, தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று சாமியார் கேட்கும் அந்த ஓலையில் முதலாவது, வருகிற ஞாயிறு. கல்யாணம் அடுத்த மாதம். மண்டபத்துக்காரர் தினமும் கூப்பிட்டு எத்தனை பேர் என்று கேட்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

திங்கட்கிழமை நீ ஓசூரிலிருந்து கூப்பிட்டு, “அம்மா, அவ லொகேஷன ஆஃப் பண்ணிப்போட்டா. மெசேஜுக்கும் சரியாப் பதில் இல்ல. நீங்க ரிப்போர்ட்டர்தான, என்னன்னு விசாரிங்க” என்றாய். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் நீ எனக்கு ஓய்வு கொடுப்பதாக இல்லை. சரி என்று விசாரித்தேன். விசாரித்ததைப் போனில் சொல்லாமல் எழுதுவதற்கு ஒரே காரணம், போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ மூன்று விளக்கம் சொல்லிவிடுவாய். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது. இதில் ரெஜினா சொன்னதாக வருவதெல்லாம் உனக்குச் சொல்லலாம் என்று அவளே ஒப்புக்கொண்டவை. இன்னொரு விஷயமும் சொன்னாள், “இது உங்களோட இருக்கட்டுங்” என்றாள். அது என்னோடு இருக்கும். அதைக் கேட்காதே. உன் கல்யாணத்துக்கு ஆபத்தான விஷயம் அல்ல என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன், இல்லாவிட்டால் நீ ராத்திரி தூங்க மாட்டாய்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், தவறு இருந்தால் திருத்து. நிச்சயம் முடிந்த வாரம், நீ எங்கே இருக்கிறாய் என்பது எந்நேரமும் ரெஜினாவின் கைப்பேசியில் தெரியும்படி வைத்துக் கொடுத்தாய். அவள் கேட்கவில்லை. உன் மின்னஞ்சல் கடவுச்சொல்லையும் கொடுத்தாய். அதையும் அவள் கேட்கவில்லை. பிறகு அவளையும் அதுபோல் வைக்கச் சொன்னாய். “பாக்கலாமுங்க” என்றாள். இன்னொரு நாள் கேட்டாய், சிரித்தாள். மூன்றாவது தடவை கேட்டபோது உன் குரல் இறங்கியிருக்கிறது, அவளும் தன் இருப்பிடம் தெரியும்படி வைத்துவிட்டாள். அன்றிலிருந்து உன் கைப்பேசியில் ஒரு நீலப் புள்ளி. காலையில் கோவை ராமநாதபுரத்தில் அவள் தங்கியிருக்கும் விடுதி, பகலில் அவள் வேலை பார்க்கும் பிசியோதெரபி நிலையம், சாயங்காலம் மறுபடியும் விடுதி. வியாழக்கிழமை மட்டும் புள்ளி உக்கடம் பெரியகுளத்துக் கரைக்குப் போய் இருட்டும்வரை அசையாமல் நிற்கிறது. அந்த நேரம் நீ கூப்பிட்டால் எடுப்பதில்லை, பிறகு “வெளியில இருந்தேனுங்” என்கிறாள். பொய் சொல்லவில்லை, விவரம் சொல்லவில்லை. நீ மூன்று வியாழக்கிழமை அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நாலாவது வியாழக்கிழமை, உக்கடத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் தம்பியைக் கூப்பிட்டு, “மாமா, சும்மா அந்தப் பக்கம் ஒரு நடை போயிட்டு வாங்க” என்றாய்.

நீ எத்தனையோ பேரை அனுப்பியிருக்கலாம். ஸ்டீபனை அனுப்பினாய் பார், அதில்தான் உன் நல்ல மனசு தெரிகிறது. பட்டறைக்கு எதிரே இருக்கிற பேக்கரிக்கே ஸ்கூட்டரில் போகிறவன் அவன். குளக்கரையில் நடக்கிறவன்போல் தெரியவேண்டும் என்பதற்காகப் புது வெள்ளை ஷூ வாங்கியிருக்கிறான். டீ ஷர்ட்டும் வாங்கியிருக்கிறான், அது வயிற்றோடு நின்றுவிட்டது. இதெல்லாம் அவனே நேற்று வந்து என்னிடம் ஒப்பித்தது. அவன் நூறடி நடந்ததும் மூச்சு வாங்கிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க, பக்கத்திலிருந்து ஒரு குரல்.

“ஏனுங் மாமா, நீங்க எப்பருந்து வாக்கிங்?”

“டாக்டர் சொன்னாருங் அம்மணி.”

“எந்த டாக்டருங்? மொதல்ல உக்காருங்க. முட்டிய நீட்டுங்க. வலிக்குதுங்ளா? இந்த முட்டிய வெச்சுட்டு எந்த டாக்டருங் ஓடச் சொன்னாரு?”

அவள் அவன் முழங்காலைப் பிடித்துப் பார்த்து, எங்கே வலிக்கிறது, படி ஏறும்போதா இறங்கும்போதா என்று கேட்கக் கேட்க, ஸ்டீபனுக்கு வியர்த்திருக்கிறது. கடைசியில், “அம்மணி, எனக்குப் பொய் வராது. மாப்ளதான் பாத்துட்டு வரச் சொன்னான்” என்று உடைத்துவிட்டான். ரெஜினா முதலில் சிரித்தாளாம். அந்த ஷூவைப் பார்த்து மறுபடியும் சிரித்தாளாம். பிறகு எழுந்துபோய்த் தள்ளுவண்டியில் அவனுக்கு ஒரு தட்டு காளான் வாங்கிக் கொடுத்து, அவன் எதிரிலேயே கைப்பேசியை எடுத்து அந்தப் புள்ளியை அணைத்திருக்கிறாள். “மாமா, நீங்க பாத்துட்டுத்தான இருக்கறீங்க. கோவத்துல பண்ணல. வெச்ச நாள்ல இருந்தே பண்ணோணும்னு இருந்தத இப்பத்தான் பண்றேன்னு அவர்கிட்டச் சொல்லிப்போடுங்க” என்றாள்.

ஸ்டீபன் இதை என்னிடம் சொல்லும்போது அழாத குறை. “அக்கா, அந்தப் புள்ள எனக்கு முட்டிக்கு எக்ஸர்சைஸ் வேற சொல்லிக் குடுத்துச்சு. எனக்கு அந்தக் காளான் தொண்டைல எறங்கவே இல்ல.”

“மிச்சம் வெச்சியா?”

“மிச்சமெல்லாம் வெக்கல.”

இன்று காலை நான் ரெஜினாவைக் கூப்பிட்டதும் முதலில் சொன்னது இதுதான்: “அம்மணி, அவன்தான் விசாரிக்கச் சொன்னான். நீ சொல்றது அவன்கிட்டப் போகும். சொல்ல இஷ்டமில்லீன்னா இப்பவே வெச்சர்றேன், எனக்கு ஒரு வருத்தமும் இல்ல.” அவள் சிரித்துவிட்டு, “மாமாவுக்கு நீங்க பரவால்லீங் அத்தை. வாக்கிங்னு சொல்லாம வந்தீங்க” என்றாள். பிறகு உக்கடத்தைப் பற்றி நான் கேட்காமலே சொன்னாள். காலையிலிருந்து சாயங்காலம்வரை அவள் கை யாராவது ஒருவரின் தோளிலோ இடுப்பிலோ இருக்கிறது. வலிக்கிறவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள், மருமகள் கதை, வீடு கட்டின கதை, இவள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். விடுதி அறையில் இரண்டு பேர். போனில் தாராபுரத்திலிருந்து அவள் அப்பா விதைக்கடையைச் சாத்தும் நேரத்தில் ஒருதடவை, அம்மா ஒருதடவை, அக்கா ஒருதடவை, நீ இரண்டு தடவை. வியாழக்கிழமை நிலையத்தைச் சீக்கிரம் சாத்துகிறார்கள். பஸ் ஏறிக் குளக்கரைக்குப் போய், ஒரு தட்டு காளான் தின்று, போனைப் பைக்குள் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். “அங்க என்ன இருக்குதுன்னு கேட்டா ஒண்ணுமே இல்லீங் அத்தை. ஒண்ணுமே இல்லாம இருக்கறதுக்குத்தானுங்க போறேன். இதச் சொன்னா நானும் வாரேன்னு சொல்லுவாரு. வந்தா நல்லாத்தான் இருக்கும். ஆனா அது வேற சாயங்காலமாயிருமுங்க.”

கண்ணு, எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்கிற எல்லோருக்கும் நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், சம்பந்தப்பட்டவரிடம் கேட்காமல் செய்தி கொடுக்காதே என்பது. அணையைத் திறந்ததைப் பார்த்தவன் இருப்பான், ஆற்றில் தண்ணீர் வந்ததைப் பார்த்தவன் இருப்பான். ஏன் திறந்தார்கள் என்று திறந்தவரைத்தான் கேட்க வேண்டும். உன்னிடம் ஒரு நீலப் புள்ளி இருந்தது, எடுக்காத அழைப்புகள் இருந்தன, கடைசியில் கண்ணால் பார்த்த சாட்சியாக ஒரு தாய்மாமனும் கிடைத்தான். ரெஜினாவின் பதில் மட்டும் இல்லை. “வியாழக்கிழமை உக்கடத்துல என்ன பண்ற?” என்று ஒரு கேள்வி, மூன்று வாரத்தில் எந்த நாளும் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் பதில் வந்திருக்கும். வராமல் போயிருந்தாலும், சொல்ல விரும்பவில்லை என்பதாவது தெரிந்திருக்கும். அதுவும் ஒரு பதில்தான், அதையும் எழுதிக்கொண்டு எழுந்து வருவதுதான் மரியாதை.

திங்கட்கிழமை நீ இன்னொன்றும் சொன்னாய். “அவளுக்கு எல்லை இருந்தா எனக்கும் இருக்காதாம்மா? அவ தனியா அங்க போயி உக்காரக்கூடாது, அது என்ற எல்லை.” அதற்குப் பதிலை இப்போது சொல்கிறேன். அது எல்லை அல்ல, உத்தரவு. எல்லை உன்னைப் பற்றியது. நீ எதைத் தருவாய், எதைத் தரமாட்டாய், எது நடந்தால் நீ என்ன செய்வாய் என்பது. அடுத்தவர் சாயங்காலம் எங்கே உட்கார வேண்டும் என்பது அதில் வராது. உனக்குப் பயமாக இருந்தால், “நீ அங்க போன எடுக்காம இருக்கறப்ப எனக்குப் பயமா இருக்குது” என்று சொல். அது உண்மை, அது உன்னுடையது, அதற்கு அவள் ஒரு வழி சொல்லலாம். கிளம்பும்போது ஒரு வரி அனுப்புகிறேன் என்பாள், விடுதிக்குத் திரும்பியதும் கூப்பிடுகிறேன் என்பாள். என்ன சொல்வாள் என்று நான் ஊகிக்கப் போவதில்லை. அது உங்கள் இருவர் வேலை.

முழுத் தவறும் உன்மேல் என்று நான் எழுதினால் அது ஒருபக்கச் செய்தியாகிவிடும். ரெஜினாவும் ஒப்புக்கொள்கிறாள். “மொதல் தடவை கேட்டப்பவே வேண்டாம்னு சொல்லியிருக்கோணுங் அத்தை. பாக்கலாம்னு சொன்னது என்ற தப்பு. அவரு மூஞ்சி சுருங்கிப்போகும்னு நெனச்சேன்.” இதில் உங்கள் இருவரையும்விட நம் ஊர்ப் பழக்கத்துக்குப் பங்கு அதிகம் என்று நினைக்கிறேன். உங்கள் நிச்சயத்தன்று தாராபுரத்தில் நடந்த பந்தியை நினைத்துப் பார். உங்கப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. பாயசம் வந்தபோது, “போதுங்க, வேண்டாமுங்க” என்றார். ரெஜினாவின் பெரியம்மா, “அட, கொஞ்சமாங்க, சம்பந்தி ஊட்டுல வந்து வேண்டாங்கறீங்க” என்றார். உங்கப்பா இலைக்கு மேல் கையை விரித்து மறைத்தார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே கையின் மேலேயே ஊற்றினார். விரல் சந்துகளில் பாயசம் வழிய, முந்திரிப்பருப்பு ஒன்று மோதிரத்தில் மாட்டிக்கொள்ள, “பரவால்லீங்க, பரவால்லீங்க” என்று அவர் சொன்னதை நீ போனில் படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்பினாய். எல்லோரும் சிரித்தோம். எனக்கும் இன்றுவரை சிரிப்பு வருகிறது. ஆனால் யோசித்துப் பார்த்தால், நாமெல்லாம் வளர்ந்தது அந்தப் பந்தியில்தான். வேண்டாம் என்று சொல்வது இங்கே உபசாரம். அதைக் கேட்காமல் இன்னொரு கரண்டி போடுவது பாசம். போடாமல் விட்டால், “ஒருவாட்டி வேண்டாம்னதுக்கு அப்படியே போயிட்டாங்க” என்று வீட்டுக்கு வந்து குறைப்படுகிறவர்களும் நாம்தான். பந்தியில் இது இருந்துவிட்டுப் போகட்டும், ஒரு கரண்டி பாயசத்தோடு முடிந்துவிடும். இரண்டு பேர் வாழ்க்கையில், ஒருவர் சொல்லும் ‘வேண்டாம்’ முதல் தடவையே காதில் விழ வேண்டும். இரண்டாம் தடவை சொல்லும்போது அவர்கள் குரலில் கொஞ்சம் களைப்பு வந்துவிடுகிறது. மூன்றாம் தடவை சொல்வதே இல்லை, ஒத்துக்கொண்டுவிடுகிறார்கள். ஒத்துக்கொண்டதை நாம் சம்மதம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

உங்கப்பாவும் நானும் இதைக் கற்றுக்கொண்ட கதை உனக்குத் தெரியாது. கல்யாணமாகி ஒரு வருஷம் இருக்கும். வீட்டில் அப்போதுதான் போன் வைத்திருந்தோம், கூடத்தில், கைத்துணி போட்டு மூடி. எனக்குக் காய்ச்சல். மத்தியானம் அசந்து தூங்கிக்கொண்டிருந்தேன். தாராபுரத்திலிருந்து எனக்குச் செய்தி சொல்கிறவர், அமராவதியில் தண்ணீர் ஏறித் தரைப்பாலம் மூழ்கிவிட்டது என்று சொல்லக் கூப்பிட்டிருக்கிறார். உங்கப்பா போனை எடுத்து, “அவங்களுக்கு ஒடம்பு செரியில்லீங்க, நாளைக்குக் கூப்பிடுங்” என்று பணிவாக வைத்துவிட்டார். எழுந்ததும் என்னிடம் சொல்லவும் இல்லை. சொன்னால் எழுந்து ஓடிவிடுவேன் என்று. மறுநாள் அந்தப் பாலம் எங்கள் பத்திரிகை தவிர எல்லாவற்றிலும் இருந்தது. நான் கத்தவில்லை. காய்ச்சலில் கத்தத் தெம்பில்லை. “எனக்கு வர்ற போனுக்கு நீங்களே பதில் சொல்லிப்போட்டா, அப்புறம் நான் எதுக்குங்க இந்த ஊட்டுல? எனக்காகப் பாத்துச் செஞ்சீங்கன்னு தெரியுது. ஆனா தூங்கறேனா எந்திரிக்கறேனாங்கறத நான்தான் முடிவு பண்ணோணும். என்ற போன நீங்க எடுக்கலாம், பதில் நான்தான் சொல்லுவேன்” என்றேன்.

அவர் மில்லுக்குப் போய்விட்டார். அன்று ஷிப்ட் முடிந்து வந்து, கை கால் கழுவி, வழக்கம்போல் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அந்த ஒரு வருஷமும் அவர் தினமும் அப்படித்தான் உட்காருவார், நான் என்மேல் ஏதோ மனத்தாங்கல் என்று நினைத்து, காபி வேண்டுமா, தலை வலிக்கிறதா, யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். அன்று அரை மணி கழித்து அவரே வாயைத் திறந்தார். “நீ இன்னிக்குச் சொன்னது நல்லதாப் போச்சு. நானும் ஒண்ணு சொல்லிப்போடறேன். மில்லுல எட்டு மணி நேரம் தறிச்சத்தம். ஊட்டுக்கு வந்தாலும் காதுக்குள்ள அது ஓடிட்டே இருக்குது. அது நிக்கற வரைக்கும் ஆரு பேசினாலும் எனக்கு எரிச்சலா வருது. ஒரு அரை மணி நேரம் என்னய விட்டுரு அம்மணி. அதுக்கப்புறம் ராத்திரி பூரா பேசு, கேக்கறேன்.” ஒரு வருஷம் நான் எழுதிவந்த கதை முழுக்கத் தப்பு. மனத்தாங்கல் இல்லை, தறி. அவர் சொன்னபிறகுதான் எனக்கு அவரைத் தெரிந்தது. என்னை விடு என்று சொன்னவர் என்னைவிட்டு விலகவில்லை, தன்னைப் பற்றி ஒரு உண்மையைக் கொடுத்தார். மில் மூடி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, இப்போதும் வெளியே போய் வந்தால் அரை மணி நேரம் பேசமாட்டார். பால் வாங்கி வந்தாலும் அப்படித்தான். நேற்று, “பால் பூத்துல ஏதுங்க தறி?” என்று கேட்டேன். அரை மணி கழித்து, “பழக்கமாயிருச்சு” என்றார்.

இப்போது உன்னிடம் கொஞ்சம் கடினமான ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீ கேட்காமலே கொடுக்கிறவன். சின்ன வயசிலிருந்து அப்படித்தான், மிட்டாயைக் காக்காய்க்கடி கடித்துப் பாதியைப் பக்கத்துப் பையனிடம் நீட்டுவாய், அவன் தன்னுடையதில் பாதியை நீட்டாவிட்டால் முகம் தொங்கிவிடும். ரெஜினாவுக்கு உன் இருப்பிடத்தைக் கொடுத்தாய், கடவுச்சொல்லைக் கொடுத்தாய், ஒளிக்க ஒன்றும் இல்லை என்று காட்டினாய். நல்ல மனசோடுதான் கொடுத்தாய். ஆனால் அவள் கேட்காத ஒன்றைக் கொடுத்துவிட்டு அதற்கு ஈடு கேட்டால், அதைத் தராதவள் எதையோ ஒளிக்கிறவளாகிவிடுகிறாள் பார். அவளிடம் ஒளிக்க ஒன்றும் இல்லை, தனக்கென்று வைத்துக்கொள்ள ஒரு சாயங்காலம் இருந்தது. ஒளிப்பதும் வைத்துக்கொள்வதும் வேறு வேறு. உனக்கும் அப்படி ஒன்று இருக்கிறது, நீ அதைச் சொல்லாமல் விழுங்குகிறாய். நீங்கள் இருவரும் பேசிக்கொள்வதை ரெஜினா அவள் அக்காவிடம் ஒப்பிக்கிறாள் என்று எனக்குத் தெரிந்து நாலு தடவை என்னிடம் குறைப்பட்டிருக்கிறாய். அவளிடம் சொன்னாயா என்றால், “பரவால்லீங்மா, அவ அக்காதான” என்கிறாய். பரவாயில்லை என்றால் என்னிடம் ஏன் சொல்கிறாய்? அதை அவளிடம் சொல். அவளுடைய ‘பாக்கலாமுங்க’வும் உன்னுடைய ‘பரவால்லீங்க’வும் ஒரே வியாதி. நீ உன்னுடையதைத் திறந்து சொன்னால்தான், அவள் சொல்லும்போது உனக்கு அடி விழுந்ததுபோல் இருக்காது.

இதை நான் ரெஜினாவிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். இனிமேல் உங்கள் இருவருக்கும் நடுவில் நான் செய்தி கொண்டுபோகப் போவதில்லை, இது நான் உனக்காக எடுத்த கடைசிப் பேட்டி. காலையில் போனை வைக்கும்போது அவளிடமும் இதையே சொன்னேன். “அம்மணி, அவனப் பத்தி உனக்கு வருத்தம்னா அவன்கிட்டச் சொல்லு. என்னயப் பத்தி வருத்தம்னா என்கிட்டச் சொல்லு.” உடனே அவள், “அப்ப ஒண்ணு சொல்றேனுங் அத்தை. தப்பா எடுத்துக்காதீங்க. காலைல ஏழேகாலுக்குப் போன் பண்ணாதீங்க. அது நாங்க குளிக்கறதுக்கு வரிசைல நிக்கற நேரமுங்க” என்றாள். எனக்கு ஒரு நிமிடம் சுருக்கென்றுதான் இருந்தது, அதையும் எழுதிவைக்கிறேன். அடுத்த நிமிடம் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். முதல் தடவையே சொல்லிவிட்டாள் பார். பாக்கலாம் என்று இழுக்கவில்லை. இந்தப் பெண்ணோடு எனக்குச் சரிப்பட்டு வரும் கண்ணு. உனக்குச் சரிப்பட்டு வருமா என்பது நீ தெரிந்துகொள்ள வேண்டியது.

உங்கப்பா இதுவரை எழுதியதைப் படித்தார். பாயசத்தை எடுத்துவிடச் சொன்னார். முடியாது என்றேன். சரி, முந்திரிப்பருப்பையாவது எடு என்றார். அதுவும் முடியாது, நடந்தது. ஸ்டீபனிடம் ஞாயிறு வரை உன் போனை எடுக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அவன் அந்த ஷூவைப் பட்டறைப் பையனுக்குக் கொடுத்துவிடுவதாக இருந்தான். ரெஜினா சொல்லிக்கொடுத்த பயிற்சியைச் செய்துபார்த்ததில் முழங்கால் கொஞ்சம் தேவலை என்று இப்போது வைத்துக்கொண்டுவிட்டான்.

இனி, முடியாமல் இருப்பவை. நாளை வியாழக்கிழமை. கூப்பிடாதே. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு விடுதி மொட்டைமாடியில் இருப்பேன், பேசலாம் என்று ரெஜினா சொல்லியிருக்கிறாள். என்ன பேசுவாள் என்று நான் கேட்கவில்லை. நீ என்ன சொல்ல வேண்டும் என்று நான் எழுதித் தரவும் மாட்டேன். மாமாவை அனுப்பியதைப் பற்றி முதலில் நீ பேசுவது நல்லது என்பது மட்டும் என் எண்ணம், அதுவும் எண்ணம்தான். ஞாயிறு அறிவிப்புகளைச் சாமியார் சனிக்கிழமை சாயங்காலம் தட்டச்சுக்குக் கொடுத்துவிடுவார். அதற்குள் ஓலை வாசிக்கலாமா, ஒரு வாரம் தள்ளி வைக்கலாமா என்று உங்களில் ஒருவர் அவரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். ரெஜினாவின் ஊர்க் கோயிலிலும் ஓலை வாசிக்க வேண்டும், தாராபுரத்துக்கு அவரே சொல்லிவிடுவார். “அம்மா, நீங்களே சொல்லக்கூடாதுங்களா?” என்று என்னைக் கேட்டார். அது என் செய்தி இல்லைங்க ஃபாதர் என்றேன். கேட்டுச் சிரித்தார், முப்பது வருஷமாக என்னைத் தெரிந்தவர்.

முடிவை எனக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டாம் என்று ரெஜினாவிடம் கேட்டுக்கொண்டேன். உன்னிடமும் கேட்கிறேன். ஊருக்கு முன்னால் தெரிந்துகொள்வதையே வேலையாக வைத்திருந்தவளுக்கு இது லேசான காரியம் இல்லை, சனிக்கிழமை ராத்திரி நான் போனைப் பார்க்காமல் இருக்க உங்கப்பா அதை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஆனால் தெரிந்துவிட்டால் நான் ஏதாவது செய்யக் கிளம்பிவிடுவேன், தள்ளி வைத்தார்கள் என்றால் சமாதானம் பேசுவேன், தள்ளவில்லை என்றால் மண்டபத்துக்காரரை எழுப்புவேன். ஞாயிறு எட்டு மணிப் பூசைக்கு நானும் உங்கப்பாவும் போவோம், வழக்கமான பெஞ்சில் உட்காருவோம். நற்கருணை முடிந்து எல்லோரும் உட்கார்ந்தபிறகு சாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அறிவிப்புத் தாளை எடுப்பார். முதலில் ஞானோபதேச வகுப்பு, பிறகு பீடம் துடைக்கும் முறை எந்தத் தெருவின் அன்பியக் குழுவுக்கு என்பது, கடைசியில்தான் ஓலை. அப்போது மணி எட்டே முக்கால் ஆகும். உங்கள் இருவர் பெயரும் அந்தத் தாளில் இருக்கிறதா என்பது, கோயிலில் இருக்கிற மற்றவர்களோடு சேர்ந்து, அப்போதுதான் எனக்கும் தெரியும்.

அம்மா